முயலுக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா? பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே வந்து ஆறு மாதம் ஆவதற்குள் பிள்ளைகள் ஏதாவது வளர்க்கக் கேட்பார்கள். வாடகை வீட்டில் நாய்க்குச் சம்மதம் வாங்குவது கஷ்டம், முயல் என்றால் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வருவார். (சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.) சத்தம் போடாது, காரட் போட்டால் போதும், பெரிய செலவில்லை என்று நினைத்துத்தான் நாங்களும் ஒரு ஜோடி வாங்கினோம். முயல் தனியாக இருக்காது, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஆகவே எந்தக் கணக்கானாலும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிறு காலை கூண்டைப் பெருக்கப் போனால் ஒரு மூலையில் புழுக்கையே இல்லை. முந்தின இரவு வைத்த காய்ந்த புல் வைத்தபடியே கிடக்கிறது. ஆண் முயல் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தபடி உட்கார்ந்திருக்கிறது. ஒரு வேளை பட்டினி கிடந்தால் சரியாகிவிடும் என்று நம் ஊரில் சொல்வோம். முயல் விஷயத்தில் அந்தப் பேச்சே கூடாது. அரை நாள் சாப்பிடாவிட்டாலே குடல் ஓட்டம் நின்று உயிருக்கு ஆபத்தாகிவிடும். வழக்கமான வெட் (கால்நடை மருத்துவர்) விடுமுறை. அவசர கிளினிக்குக்கு ஓடினோம். வலி ஊசி, எக்ஸ்ரே, ஓர் இரவு தங்கல். மறுநாள் கையில் கொடுத்த பில் எங்கள் ஒரு மாத மளிகையைத் தாண்டியது. நமக்கு என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவை இருக்கிறது, முயலுக்கு அப்படி எதுவும் இல்லை.

கடைசியில் பார்த்தால் எல்லாம் பல்லால் வந்த வினை. முயலுக்கு ஆயுள் முழுக்கப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். எங்கள் முயலுக்குக் கடைவாய்ப் பல் முள்போல வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது.

அடுத்த வாரமே பாலிசி எடுத்தோம். அங்கேதான் கோட்டைவிட்டோம். பல் பிரச்சினை ஏற்கெனவே வெட்டின் குறிப்பில் ஏறிவிட்டதால், எதற்குப் பயந்து பாலிசி எடுத்தோமோ அதற்கே காசு வராது. எடுப்பதானால் முயல் வீட்டுக்கு வந்த வாரமே எடுத்துவிடுங்கள். பாலிசி எடுத்த முதல் இரண்டு வாரத்தில் வரும் நோய்க்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

நாய்க்கும் பூனைக்கும் ஏராளமான கம்பெனிகள் இருக்கின்றன. முயலை எடுப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், வயதான முயலைப் புதிதாகச் சேர்ப்பவர்கள் இன்னும் குறைவு. பாலிசித் தாளில் பல் பற்றிய பத்தியை முதலில் படியுங்கள். சிலர் பல்லையே விட்டுவிடுவார்கள், சிலர் வருடா வருடம் வெட்டிடம் பல்லைக் காட்டியிருந்தால்தான் தருவோம் என்பார்கள். அப்புறம் பாலிசியின் வகை. ஒரு நோய்க்குப் பன்னிரண்டு மாதம் மட்டும் பணம் தரும் பாலிசி விலை மலிவு. ஆனால் பல் வியாதி ஒருமுறை வந்தால் திரும்பத் திரும்ப வரும், அதற்கு, வருடா வருடம் புதுப்பிக்கும்வரை அதே நோய்க்குத் தொடர்ந்து பணம் தரும் 'லைஃப்டைம்' வகைதான் உதவும். எக்ஸஸ் என்று ஒன்று உண்டு, அந்தத் தொகைவரை நம் கையிலிருந்துதான் போகும். மிக்சோமடோசிஸ், ஆர்.எச்.டி. என்ற முயலைக் கொல்லும் இரண்டு தொற்றுநோய்களுக்கும் வருடந்தோறும் போடும் தடுப்பூசி, கருத்தடை அறுவை சிகிச்சை இரண்டும் எப்படியும் நம் செலவு. பெண் முயலுக்குக் கருத்தடை செய்யாமல் விட்டால் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம். கையில் இருப்பது கொஞ்சம்தான் என்றால் முதலில் இதற்குச் செலவழியுங்கள்.

பி.டி.எஸ்.ஏ. என்ற தொண்டு நிறுவனம் குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கிறதே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கே போக, குறிப்பிட்ட அரசு உதவித்தொகைகளில் ஏதாவது ஒன்று வாங்குபவராக இருக்க வேண்டும். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ வந்த நம்மில் பெரும்பாலோருக்கு அரசு உதவித்தொகை கிடையாது என்ற நிபந்தனை விசாவிலேயே இருக்கும். அந்தக் கதவு நமக்குத் திறக்காது.

ஆக, நாளைக்கே ஐந்நூறு பவுண்டு எடுத்து வைக்க முடியாத வீடு என்றால் இன்சூரன்ஸ் எடுங்கள் என்பேன். முடியும் என்றால் பிரீமியத்தைத் தனிக் கணக்கில் மாதாமாதம் போட்டு வரலாம், நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். முடிவெடுக்கும் முன் பக்கத்து கிளினிக்குக்கு ஒரு போன் போடுங்கள். முயல் பார்த்துப் பழகிய வெட் இருக்கிறாரா, மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய்ப் பல்லைச் சீர்செய்ய எவ்வளவு என்று கேளுங்கள். அந்தத் தொகையை இரண்டு முயலின் ஒரு வருடப் பிரீமியத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.