வீட்டு வானிலை நிலையத்தில் 'வெப்ப நாள்' எண்ணுவது: நம்மூருக்கு ஏற்ற எல்லை வைப்போம்

நாகர்கோவிலில் மொட்டைமாடியில் வானிலை நிலையம் ஒன்றை மாட்டி, ஒரு வருடம் கழித்து மென்பொருளின் அறிக்கையைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும்: கோடை நாள் ஏறக்குறைய 365, வெப்பமண்டல இரவு ஏறக்குறைய 365, உறைபனி நாள் 0. கருவியில் கோளாறு இல்லை. எல்லைகள்தான் வேறு ஊருக்கானவை.

ஜெர்மனியில் பகல் வெப்பம் 25 டிகிரியைத் தொட்டாலே கோடை நாள், 30 என்றால் வெப்ப நாள். இரவில் 20க்குக் கீழே இறங்காவிட்டால் வெப்பமண்டல இரவு. நமக்கு மார்கழி ராத்திரியே கிட்டத்தட்ட அப்படித்தான். மாற்றிவிடுவோம்.

படி 1: எல்லையைத் தேடுங்கள்

அமைப்புகள் பக்கத்திலோ அறிக்கை வார்ப்புருவிலோ இருக்கும். பழைய எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு அலகைப் பாருங்கள். அமெரிக்க வடிவ அறிக்கைகளில் 90 என்று இருந்தால் அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 32.2 டிகிரி. அந்த இடத்தில் அலகை மாற்றாமல் 34 என்று போட்டால் வருடம் முழுக்க வெப்ப நாள்தான்.

படி 2: உணரியின் இடம்

தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரம், காற்றோட்டமுள்ள வெள்ளைக் கூடு, கான்கிரீட்டிலிருந்து முடிந்தவரை தள்ளி. நான் முதலில் மேற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரில் மாட்டினேன். சாயங்காலம் சுவர் கக்கிய சூட்டைத்தான் ஒரு மாதம் அளந்துகொண்டிருந்தேன். இது சரியாகாமல் எந்த எல்லை வைத்தாலும் வீண்.

படி 3: உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

ஒரு வருடத் தரவாவது வேண்டும். தினசரி அதிகபட்ச வெப்பத்தை விரிதாளில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். 365 வரிகளில் 37ஆவது வரியில் இருப்பது, பத்தில் ஒரு நாள் மட்டும் எட்டும் அளவு. அங்கே 34.1 இருந்தால் எல்லை 34 என்று வைக்கலாம். குறைந்தபட்ச வெப்பத்தையும் இதேபோல் அடுக்கினால் 'புழுக்க இரவு' எல்லை கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது இதன் மறுபக்கம். நம்மூரில் அபூர்வம் சுடும் பகல் அல்ல, சூடேறாத பகல். சாரல் நாட்களும் ஐப்பசி அடைமழையும் அதில்தான் அகப்படும். அதே பட்டியலின் அடியிலிருந்து 37ஆவது வரியை எடுத்து 'குளிர்ந்த பகல்' என்று ஒரு வகை சேருங்கள்.

பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குக் கிடைத்த எண்ணைக் குளச்சல் கடற்கரைக்கு வைக்க வேண்டாம். அப்புறம், இந்த வகைக்கு 'வெப்ப அலை' என்றும் பெயர் சூட்டாதீர்கள். இந்திய வானிலைத் துறைக்கு அது தனி வரையறை: கடலோரத்தில் 37 டிகிரியாவது இருக்க வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

படி 4: 'அதற்கு மேல்' என்பதா, 'அதுவும் அதற்கு மேலும்' என்பதா?

ஜெர்மன் கணக்கில் சரியாக 25.0 இருந்தாலும் கோடை நாள். சர்வதேசக் காலநிலைக் குறியீடுகளிலோ 25ஐத் தாண்ட வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா வகைக்கும் அதையே வையுங்கள். திரையில் 34.0 என்று தெரிவது உள்ளே 33.96 ஆக இருக்கலாம், அந்த நாள் எண்ணிக்கையில் சேராது.

படி 5: நாள் எப்போது தொடங்குகிறது?

விடியற்காலையில் 26.4 டிகிரி, வியர்த்துக்கொட்டிய ராத்திரி. உங்கள் புழுக்க இரவு எல்லை 26 என்று வைத்துக்கொள்வோம். அன்றே இரவு 11 மணிக்கு மழை பிடித்து 23.8க்கு இறங்குகிறது. நள்ளிரவுக்கு நள்ளிரவு கணக்கென்றால் அந்தத் தேதியின் குறைந்தபட்சம் 23.8, புழுக்க இரவு காணாமல் போய்விடும். மென்பொருள் அனுமதித்தால் இரவுக் கணக்கை மாலை 6 முதல் காலை 6 வரை வையுங்கள். வானிலைத் துறையின் காலை அளவீடு 8.30க்கு, அதனால் அவர்கள் எண்ணும் உங்கள் எண்ணும் சில நாட்களில் ஒத்துப்போகாது.

படி 6: பழைய தரவை மறுபடி கணக்கிடுங்கள்

எல்லையை மாற்றினாலும் சில மென்பொருள்கள் பழைய மாதங்களைத் தொடாது, மறுகணக்கு நாமே கொடுக்க வேண்டும். மின்வெட்டில் மதியம் 1 முதல் 4 வரை பதிவே இல்லாத நாளை எந்த வகையிலும் சேர்க்காமல் 'தரவு இல்லை' என்று தனியே எண்ணுங்கள். கடைசியாக, நன்றாக நினைவிருக்கும் ஒரு மார்ச் மாதப் பகலை எடுத்து, அது எந்த வகையில் விழுந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.