கழுத்தில் சவரக் கொப்புளமா? முடியின் போக்கைப் பாருங்கள்

சவரம் செய்த மறுநாள் கழுத்தில் சிவந்த கொப்புளங்கள் வருகின்றனவா? பெரும்பாலும் அது பரு அல்ல. வெட்டுப்பட்ட சுருள்முடி வளைந்து தோலுக்குள்ளேயே புகுவதால் வரும் தடிப்பு. இரண்டு நாள் தாடியை விரலால் தடவி, முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும் முடி, கழுத்தில் பலருக்குப் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ வளரும். அந்தப் போக்கிலேயே பிளேடை ஓட்டுங்கள். குளித்தவுடன், தாடி ஊறி மெத்தென்று இருக்கும்போது செய்வது நல்லது. தோலை இழுத்துப் பிடித்து மழமழவென்று ஒட்டச் சிரைக்கும் ஆசையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பலருக்கும் வினையே அதுதான். சிறு கீறல்களுக்கு ஈரப் படிகாரம் போதும். கொப்புளத்தைக் கிள்ளினால் கருந்தழும்பு விழும். சீழ் கட்டினால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.