லிங்கர் கட்டுவதில் நாம் விடும் பிழைகள்

பரந்தனில் நெல் மூட்டையைச் சைக்கிள் கரியரில் வைத்து, பழைய டியூப்பால் இழுத்துக் கட்டிக்கொண்டு புதுக்குடியிருப்பு வரை மிதித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே பிடிபடும். கட்டு விசுவமடுவில் அவிழ்ந்தால் நெல் ரோட்டில். வீட்டு முற்றத்துக்கு வந்த பிறகும் அவிழவில்லை என்றால் அந்த நெல்லால் யாருக்கும் சோறில்லை. புற்றுநோய்க் கலத்தைத் தேடிப் போகும் பிறபொருளெதிரி என்ற புரதத்தில் நச்சு மருந்தைக் கட்டிவைக்கும் லிங்கருக்கும் இதே வேலைதான்: குருதியில் பிடித்துக்கொள்ள வேண்டும், கலத்துக்குள் போனதும் விட்டுவிட வேண்டும்.

வன்னியில் இருந்து இரசாயனவியல் படிக்கப் போன தம்பி தங்கச்சிகள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணம் என் சின்னம்மா. விடியப்புற பஸ்ஸில் தெல்லிப்பளைக்குப் போய்க் கீமோ ஏற்றிக்கொண்டு வருவார். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒருநாள் சுளகில் அரிசியை வைத்துக்கொண்டு, "கல்லும் அரிசியும் விரலுக்கு ஒண்டாத்தான் கிடக்குது" என்றார். மருந்து நரம்பு நுனிகளைத் தொட்டிருந்தது. எம்.எம்.ஏ.இ. போன்ற, கலத்தின் நுண்குழாய்களைக் குலைக்கும் மருந்து வழியில் கழன்றாலும் இதைத்தான் செய்யும்.

முதல் பிழை, கட்டு இறுக இறுக நல்லது என்று நினைப்பது. 2013இல் வந்த, இப்படிக் கட்டிய மருந்தான கட்சைலாவின் லிங்கர் வெட்டுப்படாத வகை. கலத்தின் செரிமானப் பையான லைசோசோமுக்குள் பிறபொருளெதிரி முழுவதும் செரிந்த பிறகுதான் மருந்து வெளியே வரும், அதுவும் லைசீன் என்ற அமினோ அமிலம் ஒன்றை ஒட்டிக்கொண்டு, மின்னேற்றத்தோடு. ஆகவே பக்கத்துக் கலத்துக்குள் அது இலகுவில் நுழையாது. கட்டியின் எல்லாக் கலங்களிலும் பிறபொருளெதிரி தேடும் இலக்குப் புரதம் இருந்தால் சரி, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அது குறைதான். மறுபக்கம், ட்ரொடெல்வி என்ற இன்னொரு மருந்தின் லிங்கர் குருதியிலேயே சில நாட்களுக்குள் கழன்றுபோகிற இனம். அதன் மருந்து எஸ்.என்.38, எம்.எம்.ஏ.இ. அளவுக்குக் கொடிய நஞ்சல்ல, அதனால் உடம்பு தாங்குகிறது. மருந்தைப் பார்க்காமல் லிங்கரை மட்டும் தெரிவு செய்யாதீர்கள்.

இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆய்வுகூடத்தில் நல்ல பிள்ளையாக இருந்து ஏமாற்றுவது இதுதான். லிங்கரின் நுனியில் இருக்கும் மலெயிமைட் என்ற தொகுதியைப் பிறபொருளெதிரியின் சிஸ்டீன் அமினோ அமிலத்தில் பூட்டி, 7.4 பி.எச். தாங்கல் கரைசலில் 37 பாகையில் ஒரு கிழமை வைத்துவிட்டு, ஒன்றும் கழரவில்லை, உறுதியானது என்று எழுதிவிடுகிறோம். அந்தக் கரைசலில் மருந்தைப் பறித்துக்கொள்ள யாரும் இல்லையே! குருதியில் அல்புமின் என்ற புரதம் இருக்கிறது, அதன் 34ஆவது இடத்துச் சிஸ்டீன் வெறுங்கையோடு காத்துக்கொண்டிருக்கிறது. மலெயிமைட் பிணைப்பு மெல்லத் திரும்பித் திறபட, மருந்து அல்புமினுக்குத் தாவிவிடும். பிறபொருளெதிரி குருதியில் ஏறக்குறைய மூன்று கிழமை அரைவாழ்வு கொண்டது, ஆகவே மெல்ல நடந்தாலும் நட்டம் பெரிது. இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. பூட்டிய பிறகு மலெயிமைடின் ஐந்தணு வளையத்தை நீராற்பகுத்துத் திறந்துவிட்டால் பிணைப்பு திரும்பிப் போகாது. வளையத்துக்குப் பக்கத்தில் ஓர் அமைன் தொகுதியை வைத்துவிட்டால் அது தானாகவே விரைவில் திறந்துகொள்ளும். எந்தச் சிஸ்டீனில் பூட்டுகிறோம் என்பதும் முக்கியம், நீர் வெளியில் திறந்து கிடக்கும் இடங்களில்தான் களவு அதிகம்.

அப்புறம் சுண்டெலி. அட்செட்ரிஸ் என்ற மருந்தில் இருக்கும் வலின்–சிற்றுலின் என்ற இரண்டு அமினோ அமிலக் கட்டு மனிதக் குருதியில் நன்றாகத் தாங்கும், ஆனால் சுண்டெலிக் குருதியில் இருக்கும் ஒரு காபொக்சிலெஸ்தரேசு நொதியம் அதை வெட்டிவிடும். எலியில் தோற்றதென்று நல்ல லிங்கரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்தக் கட்டுக்கு முன்னால் ஒரு குளுட்டாமிக் அமிலத்தைச் சேர்த்தால் அந்த நொதியம் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும்.

ஒரு பிறபொருளெதிரியில் 8 மருந்து ஏற்றினால் கெட்டுவிடும் என்பார்கள். கெடுப்பது எண்ணிக்கை அல்ல, எண்ணெய்த்தன்மை. நீரை வெறுக்கும் மருந்துகள் கூடினால் புரதங்கள் ஒன்றோடொன்று திரளும், ஈரலும் சீக்கிரம் அள்ளிக்கொள்ளும். என்ஹெர்ட்டு என்ற மருந்து ஏறத்தாழ 8 சுமந்துகொண்டே ஓடுகிறது.

பழைய கதையை அரைகுறையாகச் சொல்வதும் பிழைதான். 2000இல் அனுமதி பெற்ற, இதே வகை மருந்தான மைலோட்டார்க் 2010இல் சந்தையில் இருந்து எடுக்கப்பட்டதற்கு, அதன் ஐதரசோன் வகை லிங்கர் ஒழுகியதுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2017இல் அதே லிங்கரோடுதான் அது திரும்பி வந்தது, அளவைக் குறைத்துப் பிரித்துக் கொடுத்தார்கள்.

கடைசியாக அளவீடு. மொத்தப் பிறபொருளெதிரியை மட்டும் அளப்பது, மூட்டை விழுந்த பிறகும் சைக்கிள் வந்துசேர்ந்ததென்று கணக்கெழுதுவது மாதிரி. புரதத்தை வீழ்படிவாக்கி மேலே தெளிந்து நிற்கும் திரவத்தில் மருந்தைத் தேடினாலும் போதாது, அல்புமினில் ஒட்டியது வீழ்படிவோடு கீழே போய்விடும், உங்கள் தாளில் கழன்றது சுழியம் என்றுதான் வரும். மனிதப் பிளாஸ்மாவில் வைத்து, நாளுக்கு நாள் பிறபொருளெதிரியை அதில் ஒட்டும் நுண்மணிகளால் பிடித்தெடுத்துத் திணிவு நிறமாலைமானியில் போடுங்கள். 4 மருந்தோடு புறப்பட்டது ஏழாம் நாள் எத்தனையோடு நிற்கிறது என்று அங்கே தெரியும்.