ஃபார்மேட் கேட்கும் பென் டிரைவ்: 6ஆம் செக்டாரைப் பாருங்கள்

பென் டிரைவைச் செருகியதும் விண்டோஸ் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் அவசரப்பட்டு சரி சொல்லிவிடாதீர்கள். ஃபேட்32 (FAT32, ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறை) டிரைவ் என்றால், பல நேரம் பழுதாகியிருப்பது அதன் பூட் செக்டார், அதாவது டிரைவின் அமைப்பைச் சொல்லும் முதல் 512 பைட் துண்டு (0ஆம் செக்டார்) மட்டும்தான். ஃபைல்கள் அப்படியே இருக்கும். அந்தப் பூட் செக்டாருக்கு ஒரு நகல் வழக்கமாக 6ஆம் செக்டாரில் உண்டு.

இலவசமாகக் கிடைக்கும் எச்எக்ஸ்டி (HxD) ஹெக்ஸ் எடிட்டரை (டிரைவின் பைட்டுகளை நேரடியாகக் காட்டும் மென்பொருள்) அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கி, டூல்ஸ் மெனுவில் 'ஓப்பன் டிஸ்க்' கொடுங்கள். லாஜிக்கல் டிஸ்க் பட்டியலில் உங்கள் டிரைவ் எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். 'ரீட் ஒன்லி' டிக் இப்போதைக்கு இருக்கட்டும். பார்ப்பதால் எதுவும் கெடாது.

0ஆம் செக்டார் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் ஈபி 58 90 (EB 58 90) என்று தொடங்கும். 512 பைட்டின் கடைசி இரண்டு 55 ஏஏ (55 AA). வலப்புற எழுத்துப் பகுதியில் 'ஃபேட்32' என்ற பெயரும் ஆங்கிலத்தில் தெரியும். அங்கே வெறும் பூஜ்யமோ குப்பையோ இருந்து, 6ஆம் செக்டாரில் இந்த அடையாளங்கள் எல்லாம் இருந்தால் பாதிக் கவலை விட்டது.

கை வைக்கும் முன் முதல் சில செக்டார்களைக் காப்பி செய்து, வேறு டிஸ்கில் தனி ஃபைலாகச் சேமியுங்கள். இதைத் தவிர்ப்பவர்களுக்கு நான் எந்த உதவியும் சொல்ல மாட்டேன்! பிறகு டிக்கை எடுத்துவிட்டு டிரைவை மறுபடி திறந்து, 6ஆம் செக்டாரின் 512 பைட்டை 0ஆம் செக்டாரின் மேல் ஒட்டுங்கள். கன்ட்ரோல்+வி வேண்டாம், அது இடையில் செருகப் பார்க்கும், மேலெழுத கன்ட்ரோல்+பி (Ctrl+B). சேமித்து, டிரைவைக் கழற்றி மாட்டுங்கள்.

டிரைவ் ஃபேட்32க்குப் பதில் என்டிஎஃப்எஸ் (NTFS) முறையில் இருந்தால், பூட் செக்டாரின் நகல் பார்ட்டிஷனின் கடைசி செக்டாரில் இருக்கும்.