திரையில் குவியும் மருந்து எச்சரிக்கைகளைச் சீர்செய்வது எப்படி?

மருத்துவமனை மருந்தாளுநராகச் சொல்கிறேன்: மருத்துவர் கணினியில் மருந்து எழுதும்போது திரையில் எழும் எச்சரிக்கைகளில் புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன், இருப்பவற்றின் பதிவை ஐடி பிரிவிடம் கேட்டு வாங்குங்கள். எது எத்தனை முறை வந்தது, எத்தனை முறை பொருட்படுத்தாமல் தள்ளப்பட்டது என்று பாருங்கள். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்கள் தள்ளிவிடுவதாக 2006-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொன்னது. அது அலட்சியம் அல்ல. தேவையில்லாதவை ஓயாமல் வந்தால் தேவையானதும் கண்ணில் படாது.

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் சேர்த்துத் தெரிந்தேதான் எழுதுகிறார்கள். அங்கே திரையை மறிக்கும் எச்சரிக்கை எதற்கு? இதயப் பிரிவு மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசி எடுத்துவிடுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோடு, பூஞ்சைத் தொற்று மருந்தான ஃப்ளூகோனசோல் எழுதினால் கட்டாயம் மறிக்கட்டும். இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் ரத்தக்கசிவு உயிரைப் பறிக்கலாம். அதிலும் வெறுமனே ‘கவனம்’ என்று காட்டாமல், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு எழுதும் பொத்தானையும் அங்கேயே வையுங்கள். நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினுக்கான எச்சரிக்கையை ஆய்வக முடிவோடு இணையுங்கள்: சிறுநீரகச் செயல்திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் அந்த மருந்து கூடாது என்பதால், அங்கே அது மறிக்க வேண்டும்.

எச்சரிக்கையை எழுப்பும் ஒவ்வொரு விதிக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், மறுபரிசீலனைத் தேதியும் வேண்டும். நான் விடாப்பிடியாக இருப்பது இதில்தான். மென்பொருள் புதுப்பிப்பில் விதிகள் சத்தமில்லாமல் செயலிழக்கலாம். நின்றுபோன எச்சரிக்கையைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை. அதனால் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும், சோதனைத் தளத்தில் கற்பனை நோயாளி ஒருவருக்கு அதே மருந்துகளை எழுதிப் பாருங்கள்.