முதியோருடன் நாட்காட்டி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை பிடித்ததும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து முதியோர் இல்லங்களிலும் பகல்நேர மையங்களிலும் அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டியைக் கையால் செய்யும் வேலை தொடங்கிவிடுகிறது. புதிதாக வரும் தன்னார்வலர்கள், நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கோடு கோணுவதையும் பசை வழிவதையும் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு நாட்காட்டியைப் பார்த்துக் கிழமை போடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. சாதாரண ஆண்டின் 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும். ஆகவே சென்ற ஆண்டு புதனில் வந்த தேதி இந்த ஆண்டு வியாழனில் வரும். இந்த ஒரு கணக்கை மட்டும் நம்பிய ஒருவர், 2023ஆம் ஆண்டு நாட்காட்டியைச் சுவரில் மாட்டி, எல்லாத் தேதிகளையும் ஒரு கிழமை தள்ளி எழுதினால் 2024 வந்துவிடும் என்று முதியவர்களிடம் சொல்லிவிட்டார். ஜனவரியும் பிப்ரவரியும் சரியாகவே வந்தன. ஆனால் 2024 லீப் ஆண்டு. பிப்ரவரி 29 இடையில் புகுவதால் மார்ச்சிலிருந்து இரண்டு கிழமை தள்ளியிருக்க வேண்டும். 2023 மார்ச் 1 புதன், 2024 மார்ச் 1 வெள்ளி. அங்கே செய்த அத்தனை நாட்காட்டிகளிலும் அது வியாழனாக இருந்தது. பிப்ரவரி 29 என்ற கட்டமே இல்லை.

நமக்குக் கைப்பேசி இருக்கிறது. தினமும் காலையில் தேதியை அடித்துவிட்டு மாத்திரை போடுகிறவருக்கு அந்தத் தாளை விட்டால் வேறு சாட்சி இல்லை. ஜூன் மாதம், ஹட்டியில் (படகர் ஊரில்) இருந்து வரும் பாட்டி ஒருவரைக் கண் பரிசோதனைக்குப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அவருடைய நாட்காட்டியில் புதன் 13ஆம் தேதிக்கு நேராக இருந்தது. உண்மையில் அன்று வியாழன். மழையில் இரண்டு பேருந்து மாறி வந்தவரிடம், மருத்துவர் நேற்றே வந்து போய்விட்டார் என்றார்கள். தவறு யாருடையது என்று நாங்கள் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. "என் கையால எழுதினதுதானே, எனக்குத்தான் புத்தி மழுங்கிப்போச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே தன் நினைவாற்றலைச் சந்தேகிக்கத் தொடங்கிய ஒருவருக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான். அந்தந்த ஆண்டுக்கு அச்சான நாட்காட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியையும் கடைசித் தேதியையும் முதலில் பென்சிலில் குறித்து, இன்னொருவர் சரிபார்த்த பிறகே மையைத் தொட வேண்டும். அடுத்த லீப் ஆண்டு 2028.

ஐந்து வரிசைக் கட்டம்

ஆறு வரிசை போடுங்கள். 2027இல் ஜனவரி, மே, அக்டோபர் மூன்றும், ஞாயிற்றில் தொடங்கும் கட்டத்தில், ஐந்து வரிசைக்குள் அடங்கா.

ஈரத் தாள், ஈரப் பூ

கார்த்திகை மாதக் கோத்தகிரியில் தாள் தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன்மேல் மைதாப் பசையைத் தடவினால் தாள் நெளிவதோடு, சில நாளில் பூசணமும் பிடிக்கும். இருபுறமும் ஒட்டும் டேப் போதும். வாசலில் பறித்த ஹைட்ராஞ்சியாவை அன்றே ஒட்டி லேமினேட் செய்கிறவர்கள், அது உள்ளேயே பழுப்பாகிக் கறுப்பதைத்தான் பார்ப்பார்கள். பிப்ரவரி, மார்ச் வெயிலில் பெரணி இலையையும் சில்வர் ஓக் இலையையும் பறித்து, செய்தித்தாளுக்கு இடையில் வைத்து, தாளைத் தினமும் மாற்றி அழுத்திக் காயவைத்து, பெட்டியில் போட்டுவையுங்கள். நாட்காட்டி வேலைக்கு எட்டு மாதம் முன்பே தொடங்க வேண்டுமா என்று கேட்டால், ஆம், தொடங்கத்தான் வேண்டும்.

நீலக்குறிஞ்சி

பறிக்காதீர்கள்.

மாலை நேர வகுப்பு

பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் கண்புரை உள்ளவருக்குக் கோடே தெரியாது. காலை பத்து மணிக்கு, ஜன்னல் ஓரம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. மஞ்சள் பேனாவை மேசையிலேயே வைக்காதீர்கள்.

பொம்மைப் படம், மினுமினுப்புத் தூள்

அவர்கள் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

அவர்கள் எழுதியதை அழகாகத் திருத்துவது

தேதி தவறியிருந்தால் அவரிடமே காட்டி, மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, அவரையே எழுதச் சொல்லுங்கள். வேறு எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம்.

விசேஷ நாட்களை நாமே முடிவுசெய்வது

தீபாவளியும் பொங்கலும் எழுதினால் போதும் என்று நினைக்கிறோம். படகர் வீட்டுப் பெரியவர் ஹெத்தையம்மன் பண்டிகையைத்தான் முதலில் கேட்பார். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்தவர் மே மாத ஊட்டி மலர்க் கண்காட்சியைக் கேட்பார். கணவருடைய திதியைக் குறிக்கச் சொல்கிறவரும் உண்டு. அங்கே இறந்த ஆங்கிலத் தேதியை அப்படியே எழுதிவிடக் கூடாது. பன்னிரண்டு அமாவாசை கழிய ஏறத்தாழ 354 நாள்தான் ஆகும் என்பதால் திதி ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். மாதம், பட்சம், திதி மூன்றையும் கேட்டு, அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் பார்த்த பிறகே எழுத வேண்டும். பஞ்சாங்கம் கைக்கு வரும்வரை அந்தக் கட்டம் பென்சிலிலேயே இருக்கட்டும்.