நுவரெலியாக் குளிரை நம்பி வேகம் கூட்டாதீர்கள்

என் கணினித் திருத்தகத்துக்கு வரும் பையன்கள் கேட்பது ஒன்றுதான்: புரொசசரின் வேகத்தைக் கூட்டலாமா? இன்டெல் என்றால் மாடல் எண்ணுக்குப் பின்னால் ‘கே’ எழுத்தும், ‘இசட்’ வரிசை மதர்போர்டும் வேண்டும். இல்லையேல் ஆசையை விடுங்கள்.

பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில், புரொசசரின் வேகப் பெருக்கியான மல்டிபிளையரை ஒவ்வொரு படியாக, அதாவது 100 மெகாஹேர்ட்ஸாக, உயர்த்துங்கள். வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விடாதீர்கள், மதர்போர்டு தேவைக்கு மேல் அள்ளிக் கொடுத்துவிடும். படிக்கொரு முறை புரொசசரை முழு மூச்சில் வேலை வாங்கும் சினிபெஞ்ச் மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டி, சூடு 85 பாகைக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். கணினி நின்று, பிழை காட்டும் நீலத்திரை வந்தால் ஒரு படி இறங்குங்கள். திரையே வராவிட்டால் மின்கம்பியைக் கழற்றி, போர்டிலுள்ள வட்டப் பற்றரியைச் சில நிமிடம் எடுத்து வையுங்கள். பயாஸின் ஆரம்ப அமைப்பு திரும்பிவிடும்.

இங்கே ஜனவரி இரவில் 65 பாகை காட்டும் பெட்டி, கொழும்பு விடுதி அறையில் 85ஐத் தொடும். கம்பஸுக்குக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு படி குறைத்துவிட்டே பஸ் ஏறுங்கள்.